நர்ஸம்மா பார்த்த கையெழுத்து

நர்ஸம்மாவிடம் போய் "நேத்துலருந்து காய்ச்சலுங்க" என்று மொட்டையாகச் சொல்லிவிடக் கூடாது. ஊசிப் பெட்டியைத் திறந்த கை அப்படியே நின்றுவிடும். "நேத்துன்னா எந்நேரமுங்க? ரெண்டாம் ஷிப்ட் சங்கு ஊதறக்கு முன்னாலயா, பொறவா?" என்பார். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவள் திருதிருவென்று முழிப்பாள். பக்கத்து வீட்டுக்காரியைக் கேட்டு, விரல்விட்டு எண்ணி, ஒருவழியாக "சங்கு ஊதி அரைமணி இருக்குமுங்க" என்று அவள் சொன்ன பிறகுதான் தெர்மாமீட்டரை உதறுவார்.

சிங்காநல்லூரில் எங்கள் வீதி முழுக்க மில் குடும்பங்கள். அவர் ஒரு மில் டிஸ்பென்சரியில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதன்பிறகு குடையும் கையுமாக வீடு வீடாக நடந்து ஊசி போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும், எங்களுக்குத்தான் அது தேவைப்படவில்லை. சாட்சிக் கூண்டில் ஏறி நின்று அவர் தன் பெயரைச் சொன்ன அன்றுதான் நானே முதல்முறையாகக் கேட்டேன். அடுத்து அவர் வாயிலிருந்து என்ன வரப்போகிறது என்பதில்தான் என் அப்பா எழுதிவைத்த உயில் தொங்கிக்கொண்டிருந்தது. உயில் நின்றால் வீடும் தோட்டமும் எனக்கு. விழுந்தால் சரிபாதி அக்காவுக்கு.

கோர்ட் கதைக்கு வருகிறேன். அதற்கு முன்னால் அவர் எப்பேர்ப்பட்ட ஆள் என்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் நாலு வருஷம் ஏன் ஒழுங்காகத் தூங்கவில்லை என்பது உங்களுக்குப் புரியாது.

மில் சங்கே நர்ஸம்மாவுக்குப் பயப்படும் என்று வீதியில் கேலி பேசுவார்கள். காலை ஷிப்ட் சங்கு ஊதும்போது வாசல் கூட்டிக்கொண்டிருந்தாலும் நிமிர்ந்து கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். "ஏனுங், இன்னைக்கு ரெண்டு நிமிசம் பிந்தி ஊதறானுங்க" என்று எதிர்வீட்டுக்காரரிடம் புகார் சொல்வார், என்னவோ அந்த மனிதர்தான் சங்கை ஊதியது போல. காப்பி கொடுத்தால் அரை டம்ளர்தான். முக்கால் ஊற்றிவிட்டால், "அரைன்னு சொன்னனுங்களே கண்ணு" என்று அதிகப்படியைத் திரும்ப ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் குடிப்பார். கோபமெல்லாம் கிடையாது. சிரித்த முகமாகவே செய்வார். அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கும்.

யாரும் அவரைப் பொய் சொல்லச் சொன்னதில்லை, ஒரு வீட்டைத் தவிர. எங்களுக்கு மூன்று வீடு தள்ளி ஒரு மில் மேஸ்திரி குடும்பம். அவர்கள் மகளுக்குப் பிரசவம் பார்த்தது நர்ஸம்மாதான். குழந்தை காலை ஐந்து நாற்பத்தெட்டுக்குப் பிறந்தது. ஜோசியர் கணக்குப் போட்டுப் பார்த்து, ஆயில்யம் முடிய இன்னும் நாலு நிமிஷம் இருந்தது என்று சொல்லிவிட்டார். பெண் குழந்தை, ஆயில்யம். மாமியாருக்கு ஆகாது என்று எவனும் கட்டமாட்டான். நாலே நாலு நிமிஷம் தள்ளிப் பிறந்திருந்தால் மகம், ராஜாத்தி மாதிரி வாழ்வாள். வீட்டார் தாங்களாகவே மகம் என்று ஜாதகம் எழுதிக்கொண்டார்கள்.

இருபது வருஷம் கழித்து அவிநாசிப் பக்கமிருந்து நல்ல இடம் ஒன்று வந்தது. மாப்பிள்ளை வீட்டார் விவரமானவர்கள். பிரசவம் பார்த்த அம்மா பக்கத்திலேயே இருக்கிறாராமே என்று நேராக நர்ஸம்மா வீட்டுக்குப் போய்விட்டார்கள். பெண்ணின் அம்மா பின்வாசல் வழியாக ஓடிப்போய் முன்னதாகவே அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். "நாலு நிமிசமுங்க. கடியாரம் நாலு நிமிசம் முன்னப் பின்ன ஓடாதுங்களா?"

"மத்தவங்க கடியாரம் ஓடுமுங்க அம்மணி" என்றாராம் நர்ஸம்மா.

மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள். அஞ்சு நாப்பத்தெட்டு என்று சொல்லிவிட்டார். சம்பந்தம் அத்தோடு நின்றுபோனது. அந்தத் தாய் வீதியில் நின்று மண்ணை வாரித் தூற்றியதை நானே பார்த்தேன். நர்ஸம்மா குடையை ஊன்றிக்கொண்டு கடைசிவரைக்கும் நின்று கேட்டார். "நான் வேற என்னங்க சொல்றது? புள்ள அந்நேரத்துக்குத்தானுங்களே அழுதுச்சு" என்றார். அவ்வளவுதான். அடுத்த வாரம் அதே அம்மாவுக்குக் காலில் சீழ்க்கட்டி வந்தபோது ஐந்து நாள் நேரம் தவறாமல் போய் ஊசியும் போட்டார். அந்தப் பெண்ணுக்குப் பிறகு கல்யாணம் ஆக ஆறு வருஷமானது. அப்போது அதெல்லாம் எனக்கு வேடிக்கை. நம் தலைக்கு வரும்வரைக்கும் எல்லாமே வேடிக்கைதானே.

அப்பாவுக்கு வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரியில் இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை, வலிக்கு மட்டும் ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்று எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். அக்காவைப் பல்லடத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. வாரம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவாள். ஒரு நாளைக்கு இரண்டு தடவை நர்ஸம்மா வருவார். அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே அப்பாவுக்கு முகம் தெளியும். "மணி பாக்க வேண்டியதில்லடா, அந்தம்மா வந்தா மணி பத்து அம்பது" என்பார்.

வீடும், பல்லடம் ரோட்டுத் தோட்டம் நாலு ஏக்கரும் அப்பாவே சம்பாதித்தது. அக்காவுக்கு நகை, சீர் எல்லாம் நிறைவாகச் செய்தாகிவிட்டது, மீதி உனக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தவர், கடைசி நாட்களில் ஒரு புதன்கிழமை என்னைக் கூப்பிட்டார்.

"மேக்காலக் காடு ஒரு ஏக்கரப் பாப்பாவுக்கு எழுதிப்போடச் சொல்லு. அவளுக்குன்னு நம்ம மண்ணு கொஞ்சம் இருக்கட்டும்" என்றார். அக்காவை அவர் கடைசிவரைக்கும் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்.

"சரிங்கப்பா" என்றேன்.

பத்திரம் எழுதுகிறவரிடம் நான் அதைச் சொல்லவில்லை. தோட்டத்தின் மேற்கே அந்த ஒரு ஏக்கர் காட்டில்தான் கிணறு இருந்தது. ஊரெல்லாம் கிணறு வற்றிக் கிடந்த வருஷம் அது. எங்கள் கிணற்றில் மட்டும் இரண்டு மணி நேரம் மோட்டார் ஓடியது. அதைக் கொடுத்துவிட்டால் மீதி மூன்று ஏக்கரும் தரிசுதான். அக்கா என்ன வந்து வெள்ளாமை செய்யப் போகிறாளா, விளைந்ததில் நாம் கொடுத்தால் போயிற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திருடனுக்கு ஆயிரம் நியாயம் தோன்றும். எனக்கு அந்த ஒன்றே போதுமானதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஒன்பதே காலுக்கு மேல் பத்தே காலுக்குள் நல்ல நேரம். பத்திரக்காரர் பஸ்ஸை விட்டுவிட்டு வந்து சேர்ந்தபோது மணி பத்து முப்பத்தைந்து. ராகு காலம் பிறந்துவிட்டது. அப்பா தலையணையில் சாய்ந்து தெளிவாக உட்கார்ந்திருந்தார். "கொண்டாடா, போட்டர்றேன்" என்று கையை நீட்டினார். நான்தான் விடவில்லை. "ராகு காலமுங்கப்பா, பன்னெண்டு தாண்டட்டும்" என்றேன். பத்திரக்காரரும் ஆமாம் போட்டார். சொத்து எழுதுகிற காகிதத்தை எங்கள் ஊரில் எவன் ராகு காலத்தில் தொடுவான்?

அந்த நேரத்துக்குள் வலி வந்துவிட்டது. நர்ஸம்மா ஊசி போட்டார். அப்பா தூங்கிப்போனார். பன்னிரண்டு தாண்டி முழித்தார். சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பத்திரக்காரர். இன்னொருவராக நர்ஸம்மாவை நான்தான் கேட்டேன். அவர் சொன்னால் ஊரே நம்பும் அல்லவா! என் மடத்தனத்தை என்னவென்று சொல்ல.

அறையில் நாங்கள் நாலு பேர்தான். காகிதத்தை அட்டையில் வைத்துப் பிடித்தேன். அப்பா பேனாவை வாங்கிக்கொண்டு கேட்டார்:

"மேக்காலக் காட்டப் பாப்பாவுக்கு எழுதியாச்சாடா?"

"ஆச்சுங்கப்பா" என்றேன்.

கையெழுத்துப் போட்டார். பதினோராம் நாள் இறந்துபோனார்.

காரியம் முடிந்து உயிலைப் படித்ததும் அக்கா எழுந்துபோனாள். முகத்தைக் கழுவிக்கொண்டு பல்லடம் பஸ் ஏறிவிட்டாள். ஒரு மாதம் கழித்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. அவள் கட்சி ஒன்றே ஒன்றுதான். அப்பா தன்னை மறந்திருக்கமாட்டார், ஊசி மயக்கத்தில் நினைவில்லாதபோது எழுதி வாங்கிவிட்டார்கள், எனவே உயில் செல்லாது.

என் வக்கீல் பெரியவர். தாலுக்கா ஆபீஸ் பக்கத்தில் அவருக்கு ஆபீஸ். உயிலை எப்படியெல்லாம் உடைக்கலாம் என்று எனக்கு வகுப்பே எடுத்தார். எழுதினவருக்குப் புத்தி சுவாதீனம் இல்லை என்று உடைக்கலாம். கையெழுத்துப் போட்டதைச் சாட்சிகள் கண்ணால் பார்க்கவில்லை என்று உடைக்கலாம். கையெழுத்தே அவருடையதில்லை என்கலாம். சொத்து யாருக்குப் போகிறதோ அவனே கூட நின்று மிரட்டியோ ஏமாற்றியோ வாங்கினான் என்று காட்டிவிட்டால் அதோடு சரி, காகிதம் குப்பைக்கூடைக்குத்தான் என்றார்.

"நீ எதுக்குய்யா ரூமுக்குள்ள நின்னே?" என்று கடிந்துகொண்டார். "ராகு காலம் பாக்காம அப்பவே வாங்கியிருந்தா இந்தக் கேஸே இல்ல." பிறகு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "ஏமாத்து கீமாத்து ஒண்ணும் இல்லையே?"

"அதெல்லாம் இல்லீங்க சார்."

டாக்டரிடமும் வக்கீலிடமும் மறைக்காதே என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். வாய் வரவேண்டுமே.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே பத்திரக்காரர் மாரடைப்பில் போய்விட்டார். இப்போது உயிலுக்கு உயிரோடிருக்கும் சாட்சி நர்ஸம்மா ஒருவர்தான். ஒரு சாட்சியாவது வந்து சொன்னால்தான் உயில் நிற்கும் என்றார் வக்கீல். அதாவது அவரைக் கூப்பிடாமலும் இருக்க முடியாது. கூப்பிட்டால் என்ன சொல்வாரோ என்று நடுக்கம். வாய்தாவுக்கு மேல் வாய்தா. ஒவ்வொரு வாய்தா தள்ளிப்போகும்போதும் அப்பாடா என்று இருக்கும், வீடு வந்து சேர்வதற்குள் அடுத்த தேதிக்கு நாள் எண்ண ஆரம்பித்துவிடுவேன். வீதியில் அவர் குடை தெரிந்தால் நான் சந்துக்குள் திரும்பிவிடுவேன். ஊசி போட எதிர்வீட்டுக்கு வந்தால் ஜன்னலைச் சாத்துவேன்.

கடைசியில் அவருக்குச் சம்மன் போனது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மைசூர்பாகு அரைக்கிலோ வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். ஊசிகளை வெந்நீரில் போட்டு அடுப்பருகே நின்றிருந்தார். அப்போதெல்லாம் ஒருமுறை போட்டு எறிகிற ஊசி வந்துவிட்டது. இவர் மட்டும் பழைய கண்ணாடிச் சிரிஞ்சையே கொதிக்கவைத்துத் துடைத்து வைத்திருப்பார்.

"வாங்க தம்பி. சித்த இருங்க, இன்னும் ஆறு நிமிசம் கொதிக்கோணும்."

உட்கார்ந்தேன். ஆறு நிமிஷம் என்பது எத்தனை நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"சம்மன் வந்துச்சுங்களா?"

"வந்துச்சுங்க. பதினஞ்சாம் தேதி பத்தரைக்கு வரச் சொல்லிருக்காங்க."

"அன்னைக்கு நடந்தது உங்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"எல்லாமேவா?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "தம்பி, நான் அங்க இருந்தனுங்க. என்னைக் கேட்டா நான் என்ன செய்யட்டும்?" என்று மட்டும் சொன்னார், கொஞ்சம் வருத்தமாகவே. கிளம்பும்போது மைசூர்பாகு டப்பாவைத் திறந்து ஒரே ஒரு துண்டு எடுத்துக்கொண்டு மீதியை என் கையில் கொடுத்தார். "எனக்குச் சக்கரைங்க. ஒண்ணு போதும்."

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவர் சொன்னதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். கேட்டால்தானே சொல்வார்? யாருக்குத் தெரியும் அதைக் கேட்க? அக்காவுக்குத் தெரியாது. அவள் வக்கீலுக்குத் தெரியாது. என் வக்கீலுக்கே தெரியாது. கேட்கமாட்டார்கள், கேட்கமாட்டார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தேன்.

பதினைந்தாம் தேதி பத்து இருபத்தைந்துக்கு அவர் கோர்ட் வராண்டாவில் வந்து நின்றார். வெளுத்த வெள்ளைப் புடவை, கையில் குடை. அக்கா எதிர்ப்பக்கத்துப் பெஞ்சில் என்னைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். நாலு வருஷத்தில் மெலிந்துபோயிருந்தாள்.

முதலில் என் வக்கீல். கையெழுத்துப் போட்டதைப் பார்த்தீர்களா, பார்த்தேனுங்க. நீங்கள் போட்டதை அவர் பார்த்தாரா, பார்த்தாருங்க. அது சுலபமாக முடிந்தது.

அப்புறம் அக்காவின் வக்கீல் எழுந்தார்.

"ஊசி எத்தனை மணிக்குப் போட்டீங்க?"

"பத்து அம்பத்திரண்டுங்க."

"அது தூக்கம் வர்ற ஊசிதானே?"

"ஆமாங்க. பதினொண்ணு அஞ்சுக்குத் தூங்குனாருங்க. பன்னெண்டு ரெண்டுக்கு முழிச்சாருங்க."

"கையெழுத்து?"

"பன்னெண்டு பதினஞ்சுங்க."

"அப்ப முழிச்சுப் பதிமூணு நிமிஷம்தான். மயக்கம் இருந்திருக்கும்தானே?"

"இருந்திருக்குமான்னு கேட்டா எனக்குத் தெரியாதுங்க. இருந்துச்சான்னு கேளுங்க."

கோர்ட்டில் சிரிப்பு கிளம்பியது. நீதிபதியே உதட்டைக் கடித்துக்கொண்டார். அந்த வக்கீல் கெட்டிக்காரர், அதைக் கேட்காமலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு மூச்சு வந்தது. தப்பித்தேன் என்று நினைத்தேன். சத்தியமாக அந்த நொடியில் நர்ஸம்மா காலில் விழுந்திருப்பேன்.

ஆனால் என் வக்கீல் எழுந்துவிட்டார்! முகமெல்லாம் மலர்ச்சி. பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல இருந்திருக்கும் அவருக்கு. நான் பின்னால் இருந்து அவர் கவுனை எட்டிப் பிடிக்கப் பார்த்தேன். கைக்கு எட்டவில்லை.

"மயக்கம் இருந்துச்சாம்மா?"

"இல்லீங்க."

"எப்படிச் சொல்றீங்க?"

"தெளிவாப் பேசுனாருங்க."

"பேசினாரா! என்ன பேசினாரு? ஐயாவுக்குச் சொல்லுங்க."

நர்ஸம்மா ஒரு வினாடி என்னைப் பார்த்தார். பிறகு நீதிபதி பக்கம் திரும்பிக்கொண்டார்.

"'மேக்காலக் காட்டப் பாப்பாவுக்கு எழுதியாச்சாடா'ன்னு கேட்டாருங்க. பன்னெண்டு பதினாலு இருக்கும். 'ஆச்சுங்கப்பா'ன்னு தம்பி சொன்னாருங்க. அதுக்கப்புறம் போட்டாருங்க."

தட்டச்சுச் சத்தம் நின்றது. நீதிபதி அந்த வாக்கியத்தை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். நர்ஸம்மா ஒரு எழுத்துக்கூட மாறாமல் இன்னொரு தரம் சொன்னார். என் வக்கீல் நின்றபடியே உயிலின் நகலைப் புரட்டினார். மேற்குக் காடும் என் பெயரில்தான் இருந்தது. அப்பாவின் புத்தி தெளிவாக இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சியம் கிடைக்காது. அதே சாட்சியத்தில் உயிலும் போயிற்று. அவர் மெதுவாக உட்கார்ந்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

தீர்ப்பு வர மேலும் சில மாதம் ஆயிற்று. ஏமாற்றி வாங்கிய உயில், செல்லாது, ஆளுக்குப் பாதி. கிணறு அக்கா பாகத்துக்குப் போயிற்று. அவள் தண்ணீரை நிறுத்தவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதெல்லாம் பிறகு. எனக்கு இன்றைக்கும் ஆறாமல் இருப்பது அன்று மத்தியானம் கோர்ட் வராண்டாவில் நடந்ததுதான்.

நர்ஸம்மா படியிறங்கப் போனார். அக்கா ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா தன்னை நினைத்தாரா இல்லையா என்று நாலு வருஷம் உள்ளுக்குள் குமைந்தவள். நான் தூணை ஒட்டி, போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நின்றிருந்தேன்.

"அம்மா, அப்பா என்னைப் பத்தி வேற ஏதாச்சும் சொன்னாருங்களா?"

வேறு யாராக இருந்தாலும் ஏதாவது ஆறுதலாகச் சொல்லியிருப்பார்கள். உன்னையேதான் கண்ணு நினைச்சிட்டிருந்தாரு என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? நானே அவர் அப்படிச் சொல்ல வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"இல்லீங்க அம்மணி. அவ்வளவுதான் சொன்னாரு."

அக்கா தலையை ஆட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் என் பக்கம் கையை நீட்டி, "இவன் ஆச்சுன்னு சொன்னானே, அதைக் கேட்டு அப்பா என்ன பண்ணுனாரு?" என்றாள்.

"சிரிச்சாருங்க கண்ணு" என்றார் நர்ஸம்மா. "நல்லாச் சிரிச்சுப்போட்டுத்தான் கையெழுத்துப் போட்டாரு."

நான் அப்போது போட வேண்டிய இடத்தை விரலால் காட்டிக்கொண்டு காகிதத்தின் மேல் குனிந்திருந்தேன். அப்பா சிரித்தது எனக்குத் தெரியாது.